அரக்குக் கால் நாய்

போன வாரம் ஒரு சாயந்தரம் கௌரி போன் செய்தாள். நகராட்சி சுகாதாரப் பிரிவில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிவிட்டது. இருந்தாலும் மாதத்துக்கு இரண்டு தடவையாவது கூப்பிட்டுவிடுவாள். பீரோ சாவி எங்கே என்றுகூடக் கேட்டிருக்கிறாள்.

"மேடம், நாய்ப் பதிவெல்லாம் இனிமே கம்ப்யூட்டர்லதானாம். உங்க பழைய ரெஜிஸ்டரைப் பார்த்து ஏத்திகினு இருக்கேன். நாப்பத்தொண்ணாம் நம்பர்ல குறிப்புன்னு ஒண்ணு எழுதியிருக்கு. அத்த எந்தக் கட்டத்துல போடறதுன்னே தெரியல. அந்த நாயத் தன் பேருக்கு மாத்தணும்னு ஒருத்தர் வேற வந்து நிக்கறாரு. ஒரே பேஜாரா இருக்கு மேடம்."

அந்தக் குறிப்பை அவள் படித்துக்காட்ட வேண்டிய அவசியமே இல்லை. எழுதப்பட்ட அன்று நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வந்தவரை உட்காரச் சொல்லு, கொஞ்ச நேரம் கழித்து நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். உடனே பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் போலிருந்தது.

என் அப்பா இதே அலுவலகத்தில் தண்ணீர் லாரி ஓட்டியவர். அவர் பணியில் இருக்கும்போதே போய்விட்டதால் எனக்கு அங்கேயே வேலை கிடைத்தது. தபால் பிரிவில் சில வருடம், பிறப்பு இறப்புப் பதிவில் பதினொரு வருடம், கடைசியில் சுகாதாரப் பிரிவு. அங்கே வந்த கொஞ்ச நாளில் நாய்ப் பதிவேட்டை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்கள். "மனுஷன் பொறக்கறத எழுதின, போறத எழுதின, இப்ப நாய எழுதறியா? நல்ல பிரமோஷன்" என்று என் வீட்டுக்காரர் ஒரு மாதம் சிரித்தார்.

ஊரும் சிரித்தது. வளர்ப்பு நாயை நகராட்சியில் பதிய வேண்டும் என்று ஆட்டோவில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு போனால், டீக்கடையில் நிற்பவர்கள் என்னைப் பார்த்து வேண்டுமென்றே குரைப்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஒருவர் தன் நாய்க்கு இனிஷியல் போட்டே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தார். அவர் பெயர் முனுசாமி, ஆகவே நாய் எம். ராக்கி. இன்னொருவர் பக்கத்து வீட்டு நாயைத் தன் பெயரில் பதிய வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வந்திருக்கிறார். அந்த நாய் இவரைப் பார்த்து உறுமிய உறுமலிலேயே குட்டு வெளிப்பட்டுவிட்டது.

எங்கள் சுகாதார அலுவலர் மாணிக்கவேல் சார் மட்டும் சிரிக்கவில்லை. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். யாரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். துப்புரவுப் பணியாளர், கவுன்சிலர், நாய் என்ற வித்தியாசமே கிடையாது. நாய் உள்ளே வந்தால், "வாங்க, இப்படி வெளிச்சத்துக்கு வாங்க" என்பார். மேஜை டிராயரில் எப்போதும் ஒரு பிஸ்கட் பாக்கெட் இருக்கும், அதை எங்களுக்குத் தர மாட்டார். சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. ஏதாவது பிடிக்கவில்லை என்றால் பேனாவின் மூடியை டக்கென்று மூடிவிடுவார். மூடி மூடிவிட்டால் அன்றைக்குக் கையெழுத்து கிடையாது. அதற்குப் பயந்தே நாங்கள் ஒழுங்காக வேலை செய்தோம்.

பதிவுக்கு விண்ணப்பம், குடும்ப அட்டை நகல், கால்நடை மருத்துவமனையில் வெறிநாய்த் தடுப்பூசி போட்ட சீட்டு, இவ்வளவுதான் வேண்டும். ஆனால் நாயைக் கண்ணால் பார்க்காமல் எண் தரக்கூடாது என்பது சாருடைய சட்டம். ஜன்னல் பக்கம் நிறுத்தி, காதிலிருந்து வால்வரை பார்த்து, 'அடையாளம்' என்ற இடத்தில் எழுத வேண்டும். முதல் நாள் நான் 'பழுப்பு நிற நாய்' என்று எழுதிக் கொண்டுபோனேன். "ஆரணியில பாதி நாய் பழுப்புதாங்க. நாளைக்கு இவரு தொலைஞ்சு போனா, இந்த எழுத்தை வெச்சுத்தான் தேடணும்" என்றார். மூடி மூடிக்கொண்டது. அன்றிலிருந்து நான் தரையில் மண்டி போட்டு நாய்களைப் பார்க்கத் தொடங்கினேன்.

அப்படிப் பார்த்து எழுதியதுதான் நாற்பத்தொன்று. கொண்டுவந்தவர் ஸ்ரீமதி அம்மா. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சமணக் குடும்பம். கணவர் இல்லை. பிள்ளைகள் வெளியூரில். சமணர் கோயிலுக்குப் பின்னால் தனி வீடு. விண்ணப்பத்தில் ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. நாயின் பெயர் சாது. சீயக்காய் வாசனையோடு பளபளவென்று வந்து நின்றது. பழுப்பு உடல், நான்கு காலும் வெள்ளை, இடது காது நுனி மடிந்தது, வாலின் அடியில் காசு அளவுக்குக் கறுப்பு. சார் வந்து பார்த்தார், பிஸ்கட் கொடுத்தார், கையெழுத்துப் போட்டார். எண் பொறித்த தகர வில்லையைக் கொடுத்து, "கழுத்துல கட்டிடுங்கம்மா" என்றேன். "கட்டறேன்" என்றார்.

நாலைந்து மாதம் கழித்து நெசவுக்காரர் தெருவில் தடுப்பூசி முகாம் போட்டோம். ஊசி போடுவதும் பதிவதும் ஒரே இடத்தில். ஒரு வீட்டு முன்னால் பாவு நீட்டியிருந்தார்கள். தெரு நெடுக இழுத்துக் கட்டிய பட்டு இழை. அதன் பக்கத்தில் ஒரு நாய் காவல் உட்கார்ந்திருந்தது. ஆடு வந்தால் எழுந்து விரட்டும், திரும்ப வந்து உட்காரும். தறிக்காரர் ஏகாம்பரம் அதைக் கூப்பிட்டார். "டைகர், வாடா, உனக்கு ஊசி."

சாமியானா நிழல், முன்னால் முப்பது பேர், நாய்களின் சண்டை. நான் மண்டி போட்டுத்தான் பார்த்தேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். பழுப்பு உடல். இடது காது நுனி மடிந்தது. நான்கு காலும் அரக்கு நிறம். இப்படிக் கால் அபூர்வம், யாராலும் குழப்ப முடியாத அடையாளம் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வாலைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஐம்பத்தெட்டாம் எண் கொடுத்தேன். சாயந்தரம் மொத்தமாகக் கொண்டுபோய் நீட்டியதில், நானும் சாரும் களைத்திருந்ததில், அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அதற்கடுத்த வருடம் ஒரு காலையில் ஸ்ரீமதி அம்மா கவுண்டருக்கு வந்தார். கையில் சான்றிதழ், அதன் மேல் தகர வில்லை.

"சாதுவைக் காணோம் விஜயா. இன்னியோட அஞ்சு நாள் ஆவுது."

"டோக்கன் கழுத்துல கட்டலையாம்மா?"

"கழுத்து உராயும்னு காலண்டர் ஆணியில மாட்டி வெச்சிருந்தேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் பெஞ்சில் உட்கார்ந்த விதம் சரியாக இல்லை. "ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டேன்.

அப்போதுதான் சொன்னார். பகலெல்லாம் அது எங்கேயோ சுற்றும். சாயந்தரம் ஐந்து மணிக்கு டாண் என்று வாசலில் நிற்கும். இவர்களுக்குப் பொழுது சாய்ந்தபின் சாப்பிடும் வழக்கம் இல்லை. ஆகவே வெளிச்சத்திலேயே அதற்குத் தயிர்சோறு வைப்பார். அது தின்று முடித்தபின்தான் தனக்குத் தட்டு வைப்பார். "வாயில்லாத ஜீவன் வாசல்ல நிக்கறப்ப நான் எப்பிடி முன்னால சாப்பிடறது? இப்பவும் வரும் வரும்னு உக்காந்துகினு இருக்கேன். பாத்துகினே இருக்கறப்ப பொழுது போயிடுது. அப்புறம் நானும் சாப்பிட முடியாதில்ல?"

நான்கு நாளாக அவர் ராத்திரி பட்டினி. வயது எழுபதைத் தாண்டியவர். காலையில் மட்டும் இரண்டு இட்லி.

"இன்னிக்காவது முன்னாலயே சாப்பிட்டுடுங்கம்மா" என்றேன். சரி என்று தலையாட்டினார். மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

சாரிடம் சொன்னேன். நாய் பிடிக்கும் வண்டிக்காரரைக் கேட்டார். கால்நடை மருத்துவமனையைக் கேட்டார். துப்புரவுப் பணியாளர் எல்லோரையும் கூப்பிட்டு, அடையாளத்தைத் தானே வாசித்துக் காட்டினார். "வெள்ளைக் கால், மடிஞ்ச காது, வாலுக்குக் கீழ கறுப்பு. கண்ணமங்கலம் ரோடு வரைக்கும் பாருங்க." மூன்று நாள் பார்த்தார்கள். வெள்ளைக் கால் நாய் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நான் தினமும் சாயந்தரம் வீட்டுக்குப் போகும் வழியில் அந்த வாசலை எட்டிப் பார்ப்பேன். படியில் ஒரு கிண்ணம் மூடி வைத்திருக்கும். பக்கத்தில் ஸ்ரீமதி அம்மா மேற்கே பார்த்து உட்கார்ந்திருப்பார். முகம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டு வந்தது. அக்கம்பக்கத்தார் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். பெங்களூர் மகள் போனில் அழுதாள். இரண்டு நாளில் வந்து அழைத்துக்கொண்டு போகப் போவதாகச் சொன்னாளாம். "நான் போயிட்டா அது வந்து பாத்துட்டுத் திரும்பிடுமே" என்பது அவர் பதில்.

ஒன்பதாம் நாள் சாயந்தரம் நாலரை மணி இருக்கும். அலுவலக வாசலில் ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி வந்து நின்றது. பின்னாலிருந்து ஏகாம்பரம் இறங்கினார், கையில் ஒரு நாயை ஏந்திக்கொண்டு. அவருக்கும் அவர் மனைவிக்கும் செய்யாரில் கம்பெனி வேலை கிடைத்து, எட்டு நாள் முன்னால் வீட்டைக் காலி செய்துகொண்டு போயிருக்கிறார்கள்.

"மேடம், உங்க முகாம்ல போட்ட ஊசி இதுக்கு ஒத்துக்கலயா இன்னா? நாங்க செய்யாருக்குப் போன நாள்லேந்து சரியாவே சாப்பிடல. கறி போட்டுப் பாத்தேன், மீன் போட்டுப் பாத்தேன். மோந்துகூடப் பாக்கல. செத்துப்பூடும் போல இருக்கு மேடம்."

"எப்ப சோறு வெக்கறீங்க?"

"ரெண்டு பேரும் ஷிப்ட் முடிஞ்சு வர்றப்ப ஒம்போது ஆவும். வந்ததும் மொதல்ல இதுக்குத்தான் வெப்போம். காலைல பாத்தா அப்பிடியே எறும்பு மொச்சிகினு கெடக்கும்."

போன வருடம் போட்ட ஊசிக்கு இப்போது என்ன வந்தது என்று முணுமுணுத்துக்கொண்டே பதிவேட்டைப் புரட்டினேன். ஐம்பத்தெட்டு. நான்கு காலும் அரக்கு. நிமிர்ந்து நாயைப் பார்த்தேன். காலெல்லாம் வெள்ளை. நான் எதுவும் பேசுவதற்குள் மாணிக்கவேல் சார் வெளியே வந்து, தரையில் மண்டி போட்டு, "வாங்க" என்றார். காதைத் தொட்டார். காலைப் பார்த்தார்.

"அரக்குக் கால் எங்கீங்க?"

ஏகாம்பரத்துக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "அது சாயம் சார்! எங்க பக்கத்து வூடு சாயப் பட்டறை. இது நாள் முச்சூடும் அந்தக் கால்வாய்ல நின்னுகினு இருக்கும். அன்னிக்கு அரக்குக் காய்ச்சினாங்க போல. ஆனா ஒண்ணு சார், ராத்திரி எங்கியோ போயிட்டு காலைல வர்றப்ப பாதி வெளுத்துகினு வரும். எப்பிடின்னுதான் இன்னி வரைக்கும் தெரியல."

எனக்குத் தெரிந்துவிட்டது, ஸ்ரீமதி அம்மாவின் சீயக்காய். ஆரணியில் பிறந்து, ஆரணியில் வளர்ந்து, தெருக் கால்வாயில் தினம் ஒரு நிறம் ஓடுவதைப் பார்த்தவள் நான். சாயத்தை நாயின் நிறம் என்று அரசாங்கப் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சார் மெதுவாக வாலைத் தூக்கினார். அடியில் காசு அளவுக்குக் கறுப்பு.

பேனா மூடி மூடப்போகிறது என்று காத்திருந்தேன். அவர் பேனாவையே எடுக்கவில்லை. "கீழ நானும் கையெழுத்துப் போட்டிருக்கேங்க. அந்தம்மாவுக்குப் போன் போடுங்க" என்றார்.

ஸ்ரீமதி அம்மா ஷேர் ஆட்டோவில் வந்து சேரும்போது ஐந்தே கால். கையில் அந்த மூடிய கிண்ணம். வாசற்படி ஏற முடியாமல் ஏறினார். பெஞ்சுக்கு அடியில் துணி போலக் கிடந்த நாய் தலையைத் தூக்கியது. எழுந்து போய் அவர் புடவையில் மூக்கை வைத்து நின்றது. அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து கிண்ணத்தைத் திறந்தார். நாய் தின்றது. கிண்ணம் தரையில் நகர நகர அதன் பின்னாலேயே நகர்ந்து தின்றது. ஏகாம்பரம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு முகத்தைத் துடைத்தார்.

பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"பகல்ல உங்க வூட்லதான் இருந்துச்சா?" என்று அம்மா கேட்டார்.

"ஆமாங்கம்மா. தறிக்குழி ஓரத்துலதான் படுத்துகினு இருக்கும். அஞ்சு வருசமா."

"இன்னா போடுவீங்க?"

"மத்தியானம் நாங்க துன்றதுதான். ஞாயித்துக்கிழமைன்னா மீன் தலை, கறி எலும்பு..."

அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! தன் சாதுவை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். அது கிண்ணத்தின் ஓரத்தை நக்கிக்கொண்டிருந்தது. "போவட்டும், அதுக்கு இன்னா தெரியும்" என்று அதன் தலையைத் தடவினார்.

சார் இரண்டு பக்கங்களையும் விரித்து வைத்தார். "ஒரு நாய்க்கு ஒரு எண்தாங்க. ஒண்ணை அடிச்சாகணும். எதை அடிக்கறதுன்னு நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க."

ஸ்ரீமதி அம்மாதான் முதலில் பேசினார். "என்னோடத அடிச்சிடுங்க சார். அவங்க புருஷன் பொண்டாட்டி ஆசையா வெச்சிருக்காங்க. நான் இன்னும் எத்தினி நாளு? இல்லன்னா பெங்களூருக்குப் போயிடுவேன்." ஏகாம்பரத்திடம் திரும்பி, "வெளிச்சம் இருக்கறப்பவே சோறு வெச்சிடுப்பா. அது போதும்" என்றார்.

ஏகாம்பரம் இல்லையென்று தலையசைத்தார். "அதாம்மா முடியாது. வெளிச்சத்துல நாங்க ரெண்டு பேருமே மெஷின் முன்னால நிப்போம்." சட்டைப் பையிலிருந்து தகர வில்லையை எடுத்தார். அவரும் அதை நாயின் கழுத்தில் கட்டவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தாராம். மேஜை மேல் வைத்தார். "என்னோடத அடிச்சிடுங்க சார்."

சார் ஐம்பத்தெட்டைச் சிவப்பு மையில் அடித்தார். ஏகாம்பரத்தால் பார்க்க முடியவில்லை, நாயின் காதைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். அப்புறம்தான் சார் விதியில் எங்கும் இல்லாத ஒரு காரியம் செய்தார். நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பி, குறிப்பு என்ற இடத்தில் தன் கையாலேயே எழுதினார்: 'பொழுது சாயும் முன் உணவு வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பகல் திரு. ஏகாம்பரம் பொறுப்பு.' கையெழுத்தும் போட்டார். பிறகு டிராயரிலிருந்து இன்னொரு பிஸ்கட் எடுத்து நாய்க்கு வைத்துவிட்டு, ஸ்ரீமதி அம்மாவைப் பார்த்தார்.

"அம்மா, இன்னும் வெளிச்சம் இருக்கு. நீங்களும் சாப்பிட்டுடுங்க."

கேண்டீனுக்கு நான்தான் ஓடினேன். வெங்காயம், பூண்டு இல்லாமல் ஏதாவது வேண்டும் என்று கத்தி, நான்கு இட்லியும் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு வந்தேன். மேற்கு ஜன்னல் வெயில் பெஞ்சில் விழுந்துகொண்டிருந்தது. பொழுது சாய இன்னும் அரை மணி இருக்கும். எட்டு நாளுக்குப் பிறகு அந்த அம்மா சாயந்தரச் சாப்பாடு சாப்பிட்டார். நாய் அவர் காலடியில், நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்றுகொண்டு. நான் முப்பத்திரண்டு வருடம் பார்த்த உத்தியோகத்தில் எது நல்ல நாள் என்று கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன்.

அதன் பிறகு ஏகாம்பரம் ஞாயிறு தவறாமல் செய்யாரிலிருந்து வந்து போனார். மீன் தலையைப் பற்றி அம்மா கேட்பதுமில்லை, அவர் சொல்வதுமில்லை. மாணிக்கவேல் சார் ஓய்வு பெற்றுப் போனார், அப்புறம் நான். இந்தத் தை மாதம் ஸ்ரீமதி அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று கேள்விப்பட்டு நானும் போய் வந்தேன். நாயை யார் கொண்டுபோனார்கள் என்று கேட்க எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

கௌரியைத் திரும்பக் கூப்பிட்டேன். "வந்திருக்கறது ஏகாம்பரமா?"

"ஆமா மேடம். நாயும் கூட வந்திருக்கு. வயசாயிடுச்சி, மொகமெல்லாம் நரை."

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். நலம் விசாரித்தேன். மெதுவாகத்தான் கேட்டேன், "ஒம்போது மணிக்கு வர்றீங்களே ஏகாம்பரம், அது சாப்பிடுதா?"

"ஷிப்ட் மாத்திகினேன் மேடம். காலைல ஆறு மணி ஷிப்ட். ஆரணிக்கே திரும்ப வந்துட்டோம், கம்பெனி பஸ்ஸு இங்கியே வருது. நாலரைக்கெல்லாம் வூட்ல இருப்பேன். மொத ரெண்டு நாளு சோறு வெச்சும் துன்னல மேடம், என் மொகத்தையே பாத்துகினு இருந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது. அது துன்னுட்டு, அப்புறம் அந்தம்மா துன்னறதைப் பாத்தே பழகிடுச்சில்ல? மூணாம் நாளு எனக்கும் ஒரு தட்டு போட்டு எதிர்ல வெச்சிகினு உக்காந்தேன். துன்னுடுச்சி. இப்ப எங்க வூட்ல மூணு பேருமே பொழுதோட சாப்பிட்டுடறோம். மேடம், ஜல்தியா எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. மணி நாலே முக்கால் ஆவுது."

கௌரி போனை வாங்கிக்கொண்டாள். "உரிமையாளர் பேரு மாத்திட்டேன் மேடம். இந்தக் குறிப்புக்குத்தான் கம்ப்யூட்டர்ல இடமே இல்ல. விட்டுடவா?"

"அடையாளம்னு ஒரு கட்டம் இருக்கும் பாரு. என்ன போட்டிருக்க?"

"நாலு காலும் வெள்ளைன்னு."

"அத்த எடுத்துட்டு, பொழுது சாயும் முன் சாப்பிடும்னு போடு."